புயல் எந்தத் தேதியில் முடிந்தது?

2018 ஆகஸ்டு கடைசி ஞாயிற்றுக்கிழமை. ஹூஸ்டனில் இருக்கும் அக்கா மகன் வழக்கம்போல் தொலைபேசியில் கூப்பிட்டான். ஹார்வி புயல் அவர்கள் ஊரை முக்கி எடுத்து அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் தரையெல்லாம் மாற்றியாகிவிட்டது, காப்பீட்டுக்காரர்களோடு சண்டை மட்டும் பாக்கி என்று சொல்லிக்கொண்டே வந்தவன், "மாமா, எங்க கவர்னர் இந்த மாசமும் பேரிடர் பிரகடனத்தை நீட்டிச்சிட்டார்" என்றான்.

"என்னடா, தண்ணி வடிஞ்சு வருஷமாச்சு, இன்னுமா நீட்டிப்பு?"

"இங்க சட்டம் அப்படி மாமா. முப்பது நாளைக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். இல்லேன்னா காலாவதி ஆயிடும்." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டான். "ஆமா, நீங்க ஒரிஸ்ஸாவுலதானே இருக்கீங்க? அந்த 99 புயலுக்கு எத்தனை மாசம் நீட்டிச்சாங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. 2000 ஜூனில் மாற்றலாகி புவனேஸ்வர் வந்தவன் நான். பதினெட்டு வருஷம் இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்துவிட்டு இதுகூடத் தெரியவில்லையே என்று வெட்கமாக இருந்தது. அதன் பிறகு கிடைத்ததையெல்லாம் படித்தேன், தெரிந்தவர்களிடம் கேட்டேன். அந்த ஒரு கேள்விக்கான பதில்தான் இது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அவன் ஊர்க் கதையை முடித்துவிடுவோம். ஹார்வி கரையைக் கடந்தது 2017 ஆகஸ்டு 25 இரவு. அதற்கு இரண்டு நாள் முன்பே, 23ஆம் தேதியே, டெக்சாஸ் ஆளுநர் கிரெக் ஆபட் 30 கவுண்டிகளுக்குப் பேரிடர் நிலை அறிவித்துவிட்டார். (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.) அப்புறம் மழை. நெடர்லாந்து என்ற ஊரில் மொத்தம் 1,539 மில்லிமீட்டர் பதிவானது. சென்னையில் ஒரு வருஷம் பெய்வதைவிட அதிகம், சில நாளில்.

டெக்சாஸ் சட்டப்படி பேரிடர் நிலை 30 நாளுக்கு மேல் தானாக நீடிக்காது. ஆளுநர் கையெழுத்துப் போட்டுப் புதுப்பிக்க வேண்டும். புளோரிடாவில் இது 60 நாள். நியூயார்க்கில் ஆறு மாதம். பிரகடனம் நடப்பில் இருக்கும்வரை சில விதிகளைத் தளர்த்தலாம், டெண்டர் மாதிரியான நடைமுறைகளைச் சுருக்கலாம், அரசு ஆட்களையும் பொருட்களையும் அங்கே திருப்பலாம். முடிந்துவிட்டால் எல்லாம் பழையபடி. அதனால் அங்கே ஒவ்வொரு மாதமும் யாராவது ஒருவர் உட்கார்ந்து "இது முடிந்துவிட்டதா, இல்லையா?" என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். ஹார்விக்கு அந்தப் பதில் ஒரு வருஷம் கழித்தும் "இல்லை" என்றே வந்துகொண்டிருந்தது.

இந்தக் கேள்வியை நம் ஊருக்குக் கொண்டுவந்தால் முதல் தடங்கல் சொல்லிலேயே இருக்கிறது. "அவசரநிலை" என்றால் நம் தலைமுறைக்கு ஒரே அர்த்தம்தான், 1975. அரசியல் சட்டத்தில் மூன்று வகை சொல்லியிருக்கிறது. 352ஆம் பிரிவு போருக்கும் வெளி ஆக்கிரமிப்புக்கும். (அதிலிருந்த "உள்நாட்டுக் குழப்பம்" என்ற காரணத்தை 1978ல் 44ஆவது திருத்தம் எடுத்துவிட்டு "ஆயுதக் கிளர்ச்சி" என்று போட்டது.) 356 மாநில ஆட்சி கவிழ்ந்தால். 360 நிதி நெருக்கடிக்கு. புயலுக்கும் வெள்ளத்துக்கும் என்று ஒன்றுமே இல்லை.

அப்படியானால் 1999ல் ஒரிஸ்ஸா அரசின் கையில் என்னதான் இருந்தது? ஒரு சிறப்பு நிவாரண ஆணையர் இருந்தார். 1965-66 வறட்சியின்போது உண்டாக்கிய பதவி. நிவாரண விதித்தொகுப்பு ஒன்று இருந்தது. 1980ல் வந்தது. ஆனால் அந்தத் தொகுப்பின் வேர் நூறு வருஷத்துக்கு மேல் பழையது. புயல் கதைக்கு அந்த வேர் முக்கியம் என்பதால் ஒரு எட்டு பின்னால் போய் வருவோம்.

* * *

இங்கே வயதானவர்கள் "நஅங்க துர்பிக்ஷம்" என்று சொல்வார்கள். பூரி கஜபதி ராஜாவின் ஒன்பதாம் ஆட்சியாண்டில் வந்த பஞ்சம் என்று பொருள். 1865ல் பருவமழை பாதியில் நின்றது. கட்டாக்கில் இருந்த அதிகாரிகளும் கல்கத்தாவில் இருந்த வருவாய் வாரியமும், வியாபாரிகளிடம் அரிசி பதுங்கியிருக்கிறது, விலை ஏறினால் தானே வெளியே வரும் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். பஞ்சம்தான் என்று ஒப்புக்கொண்டு வெளியிலிருந்து அரிசி கொண்டுவர முடிவு செய்தபோது 1866 மே கடைசி. அதற்குள் தென்மேற்குப் பருவம் தொடங்கிவிட்டது. கப்பல் கரைக்கு வர முடியவில்லை. நல்ல துறைமுகம் இல்லை, கல்கத்தாவிலிருந்து ஒழுங்கான சாலையும் இல்லை. போதாததற்கு ஆகஸ்டில் மகாநதியில் வெள்ளம். சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள், ஒரிஸ்ஸா டிவிஷன் மக்கள்தொகையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அடுத்த வருஷம் தேவைக்கு மேல் அரிசி வந்து குவிந்தது. அதைச் சாப்பிட வேண்டியவர்கள் அப்போது இல்லை.

அந்தக் காலத்தில் இன்றைய ஒடிசாவின் தென்பகுதியான கஞ்சம் நம் சென்னை ராஜதானியில் இருந்தது. 1936 ஏப்ரல் 1 வரைக்கும் அப்படித்தான். பெர்ஹாம்பூர் பக்கம் போனால் இன்றும் தெலுங்கும் கொஞ்சம் தமிழும் காதில் விழும். அங்கேயும் அந்தப் பஞ்சம் இருந்தது.

பத்து வருஷம் கழித்து நம் பக்கம் தாது வருஷப் பஞ்சம், 1876 முதல் 78 வரை. அதன் பிறகுதான் ரிச்சர்ட் ஸ்ட்ராச்சி தலைமையில் பஞ்ச ஆணையம் உட்கார்ந்தது. 1880ல் அறிக்கை, 1883ல் பஞ்ச விதித்தொகுப்பு. அதில் ஒரு நல்ல விஷயம் உண்டு. பஞ்சம் தொடங்கிவிட்டதா என்று தெரிந்துகொள்ளச் சோதனை வேலைகள் திறப்பார்கள். மண் வெட்டுவது, கல் உடைப்பது, கூலி மிகக் குறைவு. அதற்கும் கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்தால் பஞ்சம் என்று அறிவிக்க வேண்டும். இரக்கமில்லாத சோதனைதான். ஆனால் தொடங்கியது என்று சொல்ல ஒரு அளவுகோல் கிடைத்தது. மழை வந்து, உழவு தொடங்கி, வேலைக்கு வரும் கூட்டம் குறைந்தால் மெதுவாக மூடுவார்கள். முடிவுக்கும் ஒரு அளவுகோல்.

சுதந்திரத்துக்குப் பிறகு மாநிலங்களின் நிவாரண விதிகள் எல்லாம் இந்த அச்சில் வார்த்தவைதான். தில்லியில்கூட 2002 வரை பேரிடர் நிவாரணம் வேளாண்மை அமைச்சகத்தின் கீழ்தான் இருந்தது. பேரிடர் என்றால் வறட்சி, வறட்சி என்றால் விவசாயம் என்ற கணக்கு.

சிக்கல் இங்கேதான். வறட்சி மெதுவாக வரும், அடுத்த அறுவடையில் முடியும். புயல் ஒரே நாளில் வரும், ஆனால் எப்போது முடிகிறது என்று யார் கண்ணுக்கும் தெரியாது. காற்று நின்றதும், தண்ணீர் வடிந்ததும் முடிந்த மாதிரிதான் இருக்கும்.

* * *

1999 அக்டோபரில் ஒரிஸ்ஸாவுக்கு வந்தது ஒரு புயல் இல்லை, இரண்டு. 17ஆம் தேதி கோபால்பூர் பக்கம் ஒன்று கரையைக் கடந்து கஞ்சம் மாவட்டத்தை அடித்துப் போட்டது. அதன் நிவாரண வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, 29ஆம் தேதி பாரதீப் அருகே இரண்டாவது வந்தது. மணிக்கு 260 கிலோமீட்டர் காற்று. வங்கக் கடல் புயல்களில் அளந்து பதிவு செய்தவற்றில் மிகக் கடுமையானவற்றில் ஒன்று. இங்கே அதற்கு மகாபாத்யா என்று பெயர். பாத்யா என்றால் புயல்.

கடல் ஐந்து ஆறு மீட்டர் உயரம் எழும்பி உள்ளே வந்தது. ஜகத்சிங்பூர் மாவட்டத்தின் எர்சமா ஒன்றியம் அதன் வாயிலேயே இருந்தது. கரையேறிய புயல் வழக்கம்போல் உள்ளே போய் ஓய்ந்துவிடாமல் ஒரு நாளுக்கு மேல் கரையோரத்திலேயே நின்று கொட்டியது. பைதரணி, பிராமணி, புடாபலங்கா ஆறுகளில் வெள்ளம். புயலுக்குத் தப்பிய வட மாவட்டங்கள் வெள்ளத்தில் மாட்டின. தொலைபேசி, மின்சாரம், சாலை எல்லாம் போய், தலைநகரில் உட்கார்ந்திருந்த அரசாங்கத்துக்கே என்ன நடந்தது என்று சில நாட்கள் சரியாகத் தெரியவில்லை. அரசுக் கணக்கில் இறந்தவர்கள் பத்தாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. அதில் எட்டாயிரம் பேருக்கு மேல் ஜகத்சிங்பூர் மாவட்டத்தில் மட்டும்.

நான் வந்தது ஏழு மாதம் கழித்து. புவனேஸ்வர் நிழல் நிறைந்த ஊர் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். வந்து பார்த்தால் தெருவுக்குத் தெரு அடிமரம் மட்டும் நின்றது. ஜூன் வெயில் நேராக மண்டையில் இறங்கியது. என் மனைவி முதல் வாரமே, "ஊரே மொட்டை போட்ட மாதிரி இருக்கு" என்றாள்.

எங்கள் அலுவலகத்தில் உதவியாளராக ஒருவர் இருந்தார். எர்சமா பக்கத்துக் கிராமம். புயலன்று அவர் புவனேஸ்வரில் வேலையில் இருந்தார். ஆறாவது நாள்தான் ஊருக்குப் போய்ச் சேர முடிந்தது, பாதி தூரம் நடந்து, பாதி தூரம் படகில். அம்மாவும் தங்கையும் இல்லை. அண்ணன் குடும்பம் ஒரு பள்ளிக்கூடத்து மாடியில் தப்பியிருந்தது. இவ்வளவையும் அவர் என்னிடம் சொன்னது நான் சேர்ந்து இரண்டு வருஷம் கழித்துத்தான், அதுவும் நானாகக் கேட்கவில்லை. ஒரு மழை நாளில் பஸ் இல்லாமல் அலுவலகத்திலேயே தங்க வேண்டி வந்தது. அவர் கொண்டுவந்திருந்த பகாளாவை (நம்மூர்ப் பழைய சோறேதான்) பங்கு போட்டுச் சாப்பிட்டோம். அப்போது சொன்னார்.

அவர் சொன்னதில் புயல் கொஞ்சம்தான். மீதியெல்லாம் அதற்குப் பின்னால் வந்தது. முதலில் ஹெலிகாப்டரில் அவலும் வெல்லமும் விழுந்தன. அப்புறம் அரிசியும் மேலே போர்த்த பாலிதீன் தாளும் வந்தன. உப்புத் தண்ணீர் ஏறிய வயலில் நெல் முளைக்கவில்லை. மாடு இல்லை, அதனால் ஏர் இல்லை. அந்தப் பக்கத்துக் கைக்காசே வெற்றிலைக் கொடிக்காலில்தான், அதுவும் போயிற்று. அண்ணன் அப்போது வேலை தேடிப் பாரதீப் போயிருந்தார். கணக்கெடுக்க வந்தவர்கள் வீட்டில் ஆள் இல்லை என்று எழுதிவிட்டுப் போனார்கள். வீடே இல்லாத இடத்தில் வீட்டில் ஆள் இல்லை! அந்தக் குடும்பத்தின் பெயர் பட்டியலில் ஏறவில்லை. ஏற்றச் சொல்லிப் போனபோது, "அந்த நிவாரணம் முடிந்துவிட்டதே" என்று பதில் வந்ததாம்.

"எப்போ முடிஞ்சது?" என்று கேட்டேன்.

"அதைத்தான் நானும் கேட்டேன், ஆக்ஞா. யாருக்கும் தேதி தெரியலை" என்றார். (ஆக்ஞா என்பது இங்கே மரியாதைச் சொல், நம் "ஐயா" மாதிரி.) கொஞ்ச நேரம் கழித்து, "பாத்யா மூணு நாள். அதுக்கப்புறம் வந்ததுக்குப் பேரே இல்லை" என்று சொல்லிவிட்டு ஏனத்தைக் கழுவப் போய்விட்டார்.

அக்கா மகன் கேட்ட அன்று எனக்கு நினைவுக்கு வந்தது இந்த வார்த்தைதான். பெயர் இல்லாத ஒன்றை யார் நீட்டிப்பது?

* * *

இப்போது மேலிடத்தில் நடந்தது. புயல் அடித்தபோது முதல்வர் கிரிதர் கமாங். டிசம்பர் 6ல் அவர் போய் ஹேமானந்த பிஸ்வால் வந்தார். தேர்தல் நடந்து 2000 மார்ச் 5ல் நவீன் பட்நாயக் வந்தார். நாலு மாதம் ஒரு வாரத்துக்குள் மூன்று முதல்வர்கள். இதை "தேசியப் பேரிடர்" என்று அறிவியுங்கள் என்று மாநிலம் தில்லியைக் கேட்டுக்கொண்டே இருந்தது.

அப்படி ஒரு அறிவிப்புக்குச் சட்டத்தில் இடமே இல்லை. இருந்தது பத்தாவது நிதிக் குழு சொன்ன ஒரு சொற்றொடர், "அரிய கடுமை கொண்ட பேரிடர்". எது அரிய கடுமை என்று அந்தக் குழு வரையறுக்கவில்லை, ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவு செய்துகொள்ளுங்கள் என்று விட்டுவிட்டது. ஒரிஸ்ஸா புயலையும் 2001 குஜராத் நிலநடுக்கத்தையும் "முன்னெப்போதும் இல்லாத கடுமையானவை" என்று கருதியதாகப் பிற்பாடு மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. 2018ல் கேரள வெள்ளத்துக்கு "கடுமையான தன்மை கொண்ட பேரிடர்" என்று பெயர் வைத்தார்கள். பெயர் மாறிக்கொண்டே வந்தது. எந்தப் பெயரோடும் இத்தனை நாள் என்று ஒரு கெடு ஒட்டியிருக்கவில்லை.

எர்சமா மக்களுக்கு நீட்டிப்பு வேறு விதமாக வந்தது. 2000ல் வறட்சி. 2001 ஜூலையில் மகாநதியில் பெருவெள்ளம், மாநிலத்தின் முக்கால்வாசி மாவட்டங்கள் பாதிக்கப்பட்டன. 2002ல் மறுபடி வறட்சி. முதல் இடி ஆறுவதற்குள் அடுத்தது. ஒவ்வொன்றுக்கும் புதுக் கணக்கு, புதுப் பட்டியல். 99ல் பட்டியலில் விட்டுப்போனவர் 2001ல் ஏறியிருக்கலாம். ஆனால் 99ல் இழந்தது 99 கணக்கோடு மூடப்பட்டுவிட்டது.

* * *

2004 சுனாமிக்குப் பிறகு, 2005 டிசம்பரில் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. அதில் பேரிடர் என்பதற்குச் சொல்லியிருக்கும் விளக்கத்தைப் படித்து நான் அசந்துபோனேன். சேதம் எவ்வளவு பெரிது என்பதோடு நிற்கவில்லை. அந்தப் பகுதி மக்களின் சமாளிக்கும் சக்திக்கு மிஞ்சியதாக இருக்க வேண்டும் என்கிறது. காற்றின் வேகத்தை வைத்து மட்டும் அளக்காமல் மனிதர்களின் தெம்பை வைத்து அளக்கிறது. அப்படிப் பார்த்தால் அந்தத் தெம்பு திரும்பும் நாள்தானே பேரிடர் முடியும் நாள்?

ஆனால் பணம் கொடுக்கும் விதிகள் நாட்களை எண்ணுகின்றன. மாநிலப் பேரிடர் நிதிக்கு 2015ல் வந்த நெறிமுறையை எடுத்துக்கொள்ளுங்கள். உணவுக்கு வழியில்லாமல் போன, முகாமிலும் இல்லாத குடும்பத்துக்குப் பெரியவருக்கு நாளொன்றுக்கு 60 ரூபாய், குழந்தைக்கு 45 ரூபாய் என்று அதில் இருந்தது. எத்தனை நாள்? சாதாரணமாக 30 நாள். தேவைப்பட்டால் 60 நாள் வரை நீட்டிக்கலாம். வறட்சி, பூச்சித் தாக்குதல் என்றால் 90 நாள். வெள்ளத்துக்கும் புயலுக்கும் அந்த 90 கிடையாது. பஞ்ச காலத்து நினைப்பு இன்னும் போகவில்லை, பாருங்கள்.

அதே நெறிமுறையில் இன்னொரு வரியும் இருந்தது. கள நிலவரத்தைப் பார்த்து மாநில நிர்வாகக் குழு இந்தக் கெடுவுக்கு மேலும் நீட்டிக்கலாம். ஒரே நிபந்தனை, அந்தச் செலவு அந்த ஆண்டு நிதி ஒதுக்கீட்டில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆக, நம் நாட்டிலும் நீட்டிப்பு உண்டு. ஆளுநர் கையெழுத்துப் போட்டுப் பத்திரிகையில் வருகிற மாதிரி இல்லாமல் ஒரு குழுவின் கூட்டக் குறிப்புக்குள் இருக்கிறது. யாருக்காக அது இருக்கிறதோ அவருக்கு அது இருப்பதே தெரியாது.

சட்டத்தின் 13ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. கடும் பேரிடரில் சிக்கியவர்களின் கடன் தவணைக்குச் சலுகை தரச் சொல்லித் தேசிய ஆணையம் பரிந்துரைக்கலாம் என்றது. கையில் வருவது நின்ற பிறகும் தவணை நிற்காது என்பதால் இது நல்ல ஏற்பாடு. 2025 திருத்தத்தில் அந்தப் பிரிவையே எடுத்துவிட்டார்கள். வயநாட்டில் 2024 நிலச்சரிவில் தப்பியவர்களின் கடன் வழக்கு நடந்துகொண்டிருந்த நேரம் அது.

நீட்டிப்பு என்றாலே நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. இதே 2005 சட்டத்தை வைத்துத்தான் 2020 மார்ச் 24ல் கொரோனா ஊரடங்கு உத்தரவு வந்தது. முதலில் 21 நாள். பிறகு மே 3, மே 17, மே 31 என்று போய், அந்தச் சட்டத்தின் கீழான உத்தரவுகள் 2022 மார்ச் 31 வரைக்கும் வந்தன. இரண்டு வருஷம். வேலை போய் நடந்தே ஊர் திரும்பியவர்களில் ஒடியா ஆட்களும் உண்டு, தமிழ் ஆட்களும் உண்டு. நீட்டிக்கும் அதிகாரம் கையில் இருப்பவர் எதை நீட்டிக்கிறார் என்று பார்க்க வேண்டும். கட்டுப்பாட்டை நீட்டிக்கிறாரா, கஞ்சியை நீட்டிக்கிறாரா? 1975ஐப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கெடுத் தேதி இருப்பதன் நன்மை இரண்டு பக்கமும் உண்டு. வேண்டாதது நீண்டால் ஏன் என்று கேட்கலாம், வேண்டியது நின்றால் ஏன் என்று கேட்கலாம்.

* * *

ஒடிசாவைக் குறை மட்டும் சொன்னால் பாவம் வந்து சேரும். (2011ல் பெயர் மாறிவிட்டது, எனக்குத்தான் இன்னும் வாயில் ஒரிஸ்ஸா வருகிறது.) புயலடித்து இரண்டு மாதத்தில், 1999 டிசம்பர் 28ல், இந்தியாவிலேயே முதலாவதாக மாநிலப் பேரிடர் ஆணையம் ஒன்றை இங்கே உண்டாக்கினார்கள். தேசியச் சட்டத்துக்கு ஆறு வருஷம் முன்பே. அன்று கரையோரத்தில் செஞ்சிலுவைச் சங்கம் கட்டிய காப்பகங்கள் இருபது சொச்சம்தான் இருந்தன. இன்று எல்லாம் சேர்த்து எண்ணூறுக்கும் மேல். 2013 அக்டோபர் 12ல் பைலின் கோபால்பூரில் கரையைக் கடந்தபோது சுமார் பத்து லட்சம் பேரை முன்கூட்டியே நகர்த்தினார்கள். இறந்தவர்கள் ஐம்பதுக்குள். 2019 மே 3ல் பூரியில் ஃபானி. பன்னிரண்டு லட்சம் பேர் நகர்த்தப்பட்டார்கள். இறந்தவர்கள் 64. பத்தாயிரத்திலிருந்து அறுபத்து நாலு. ஒரு ஏழை மாநிலம் செய்து காட்டியது இது.

அந்த மகாபாத்யாவை இங்கே மனதளவில் இன்னும் முடிக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. உயிரைக் காக்கும் விஷயத்தில் அவசரநிலையை இருபத்தைந்து வருஷமாக நீட்டித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

ஆனால் காப்பகத்திலிருந்து திரும்பிய பிறகு? ஃபானிக்கு நாங்களும் இருந்தோம். எங்கள் வீட்டுக்கு மின்சாரம் ஒன்பதாவது நாள் வந்தது. மே மாதப் புழுக்கத்தில் அந்த எட்டு நாளையே எங்களால் தாங்க முடியவில்லை, கான்கிரீட் வீடு, பாங்கில் பணம் எல்லாம் இருந்தும். பூரிப் பக்கம் தென்னையும் கூரையும் போனவர்களுக்கு ஒன்பதாம் நாள் என்ன முடிந்திருக்கும்?

நம் ஊரிலும் இதைப் பார்த்துவிட்டோம். 2023 டிசம்பர் 17, 18ல் தூத்துக்குடி, நெல்லை வெள்ளம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தேசியப் பேரிடராக அறிவியுங்கள் என்று தமிழக அரசு கேட்டது. அப்படி அறிவிக்கும் நடைமுறையே இல்லை என்று தில்லி பதில் சொன்னது. 1999ல் ஒரிஸ்ஸா கேட்ட அதே கேள்வி, கிட்டத்தட்ட அதே பதில். இரண்டு பக்கமும் பெயருக்காகச் சண்டை போட்டதில், எத்தனை நாளைக்கு, யார் யாருக்கு, எப்போது நிறுத்துவது என்ற கேள்விகள் ஓரமாகப் போய்விட்டன.

வெளியூரில் இருக்கும் நமக்கு இதில் ஒரு வேலை உண்டு. ஊரில் வெள்ளம் என்றால் பணம் அனுப்புகிறோம், பழைய துணி அனுப்புகிறோம், இரண்டு வாரத்தில் மறந்துவிடுகிறோம். டிவிக்காரர்கள் கிளம்பினால் நாமும் கிளம்பிவிடுகிறோம். அடுத்த முறை முப்பதாம் நாள் ஒரு தடவை ஊருக்குப் பேசுங்கள். நிவாரணம் நின்றுவிட்டதா, பட்டியலில் பெயர் இருக்கிறதா, விட்டுப்போனவர் யார் என்று கேளுங்கள். நீட்டிக்க விதியில் இடம் இருக்கிறது என்பதை அவர்களுக்குச் சொல்லுங்கள். கலெக்டர் ஆபீசுக்கு மனு எழுதத் தெரிந்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர்.

அக்கா மகனுக்குக் கடைசியில் பதில் சொன்னேன். "நீட்டிக்கவே இல்லைடா. பேர் வெச்சு, தேதி போட்டு ஆரம்பிச்சிருந்தாத்தானே நீட்டிக்க முடியும்?"

"அப்போ எப்படி மாமா முடிஞ்சது?"

எங்கள் உதவியாளரைப் பற்றிச் சொன்னேன். அவர் ஓய்வு பெற்றுச் சில வருஷம் ஆகிறது. அண்ணன் குடும்பம் கொடிக்காலை மறுபடி போட்டு, முதல் வெற்றிலை சந்தைக்குப் போனது 2004ல். அன்று அவர் அலுவலகத்துக்கு ஒரு கவுளி வெற்றிலை கொண்டுவந்து மேஜைக்கு மேஜை வைத்தார். ஏதாவது விசேஷமா என்று எல்லோரும் கேட்டோம். ஒன்றுமில்லை என்று சிரித்தார். எனக்கு அன்றைக்கு அது புரியவில்லை.